ட்ரோன் மேலே, ஆட்கள் பக்கத்தில்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புதுவிசிறி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 249 கிராம் ரகத்தில் ஒரு சின்ன ட்ரோன் வைத்திருக்கிறேன். ஓட்டுவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது, காற்று கொஞ்சம் தள்ளினாலும் பதறுவதில்லை. பதறவைப்பதெல்லாம் கீழே இருக்கும் ஆட்கள்தான்.

மேலே ஏற்றிய கையோடு யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஆசையாகத்தான் கேட்கிறார்கள், எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும், என் பையன் கையில் ஒரு தடவை கொடுங்களேன் என்று. மற்றவர்கள் வரும்போதே முகம் இறுகித்தான் வருகிறார்கள். போன வாரம் ஒருவர் "யாரைக் கேட்டு எங்களைப் படம் எடுக்கிறே" என்று கத்திக்கொண்டே வந்து கன்ட்ரோலரில் கைவைக்கப் பார்த்தார். ட்ரோன் அப்போது தண்ணீருக்கு மேல் நிற்கிறது. அண்ணாந்து அதைப் பார்ப்பதா, இவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதா?

உயர வரம்பு, தடை உள்ள இடம் எல்லாம் பார்த்துத்தான் கிளம்புகிறேன். ஆனால் "எனக்கு அனுமதி இருக்கிறது" என்று வாயைத் திறந்தாலே சண்டை பெரிதாகிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? ஆளே இல்லாத இடமாகப் பார்த்துப் போ என்பதைத் தவிர வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள், அது எனக்கே தெரியும்.

நாலுவிசிறி எழுதியது:

பேச்சு அப்புறம், முதலில் கை. யாரோ நெருங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தாலே கன்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். ஜிபிஎஸ் பிடித்திருக்கும் ட்ரோன் இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு கண்ணை மேலே வைத்துக்கொண்டே "ஒரு நிமிஷம் இருங்க, இறக்கிட்டுப் பேசுறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரி செய்கிற வேலையை எந்த அனுமதிச் சீட்டும் செய்யாது. கோபமாக வந்தவருக்குக்கூட, நம் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து இறக்குகிறானே என்று தோன்றும். அது இறங்கி வருவதற்குள் பாதிச் சூடு தணிந்துவிடும்.

ஆனால் பதற்றத்தில் நிறையப் பேர் ரிட்டர்ன் டு ஹோம் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். தூரத்தில் இருக்கும் ட்ரோன் அதைக் கேட்டதும் முதலில் நீங்கள் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறும், அப்புறம் புறப்பட்ட இடத்தைத் தேடி வந்து இறங்கும். புறப்பட்ட இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? உங்களிடம் கத்துகிறவரும் அவரோடு வந்தவர்களும்தான். நாலு விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும் பொருளை அவர்கள் தலைமேல் தானாக இறங்கவிடாதீர்கள். பத்தடி தள்ளி வெற்றிடம் பார்த்துக் கையாலேயே இறக்குங்கள்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். சும்மா நிற்பதற்கும் அது கிட்டத்தட்ட பறப்பதைப் போலவே மின்சாரம் தின்னும். நீங்கள் பேச்சு சுவாரசியத்தில் இருக்கும்போது சார்ஜ் குறைந்து அதுவே வீடு திரும்பக் கிளம்பினால் மேலே சொன்ன அதே கதைதான்.

எஃப்பிவி கண்ணாடி, அதாவது ட்ரோன் கேமரா பார்ப்பதையே கண் முன்னால் காட்டும் கண்ணாடி மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. ட்ரோன் தானாகச் சமநிலை பிடிக்காத அக்ரோ முறையில் விரலை எடுத்தால் நிற்காது, விழும். கண்ணாடிக்குள் இருப்பவருக்குப் பக்கத்தில் யார் வருகிறார் என்றும் தெரியாது. பல நாடுகளில் பக்கத்தில் ஒரு பார்வையாளர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி ட்ரோனைக் கண்ணில் வைத்திருப்பதற்காக வந்தது. என்னைக் கேட்டால் வருகிறவர்களிடம் பேசுவதற்காகவே ஒருவரை நிறுத்தலாம்.

தும்பி எழுதியது:

"எங்களைப் படம் எடுக்கிறியா" என்பவருக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். திரையை அவர் பக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான். "நீங்க எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று சொன்னால் பெரும்பாலும் அவரே குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார், அதற்குப் பிறகு சண்டை எங்கே நடக்கப்போகிறது.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது, கேட்கிறவர்களுக்குச் சொல்ல உதவும். சின்ன ட்ரோன்களில் இருப்பது பொதுவாக 24 மி.மீ.க்கு நிகரான அகல லென்ஸ். எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் படத்துக்குள் வந்துவிடும். 100 மீட்டர் தள்ளி இருந்தால் 150 மீட்டர் அகலம். 4கே வீடியோவில் குறுக்கே 3840 பிக்சல்தான், ஆக ஒரு மீட்டருக்கு 25 சொச்சம் வரும். ஒரு முகத்தின் அகலம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது நாலு பிக்சல். நாலு பிக்சலில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. கையில் இருக்கும் போனில் அவரை எவனும் இதைவிடத் தெளிவாக எடுக்க முடியும், போனைப் பார்த்து யாரும் ஓடி வருவதில்லை, ட்ரோனுக்கு மட்டும் ஏன் இந்த ஆவேசம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

கறார் எழுதியது:

தும்பி, கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. அதே லென்ஸ் 10 மீட்டரில் நின்றால் அந்த முகத்துக்குக் கிட்டத்தட்ட 40 பிக்சல், ஆளை அடையாளம் தெரியும். மாவிக் 3 ப்ரோ மாதிரி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 166 மி.மீ. டெலி லென்ஸ் உள்ளதை எடுத்தால் 100 மீட்டரிலேயே 27 பிக்சல் வந்துவிடும். கீழே நிற்பவருக்கு மேலே இருப்பது எந்த மாடல், எந்த லென்ஸ், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? போன் வைத்திருப்பவனின் முகம் நமக்குத் தெரிகிறது, ட்ரோன்காரனின் முகம் தெரிவதில்லை. ஆவேசத்துக்குக் காரணம் இதுதான், இதில் விளங்காத மர்மம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஆட்களைக் கூப்பிடுவது கேமரா அல்ல, சத்தம். 2017இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆட்களை உட்காரவைத்து ட்ரோன் சத்தத்தையும் சாலையில் போகும் வண்டிகளின் சத்தத்தையும் கேட்க வைத்தார்கள். ஒரே அளவு சத்தமாக இருந்தபோதும் ட்ரோன்தான் அதிக எரிச்சல் தருகிறது என்று முடிவு வந்தது. நம் காதாலேயே இதை உணரலாம். நிலையாக நிற்க வேண்டுமென்று நாலு மோட்டாரும் நொடிக்கு நொடி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தக் கீச்சுச் சத்தம் ஒரே சுருதியில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், காது அதற்குப் பழகுவதே இல்லை. காதுக்குள் கொசு சுற்றுவது மாதிரி.

எனவே புதுவிசிறிக்கு என் யோசனை: ஏறுவதும் இறங்குவதும் ஆட்களிடமிருந்து தள்ளி நடக்கட்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், 10 மீட்டரில் ஏற்றுவதற்கும் 40 மீட்டரில் ஏற்றுவதற்கும் 12 டெசிபல் வித்தியாசம். அப்புறம், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே நிற்கவே நிற்காதீர்கள், அங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை என்றாலும்கூட. கடந்து போகிற ட்ரோனை ஒரு பார்வை பார்த்துவிட்டு விடுவார்கள். நிற்கிற ட்ரோன் தன்னையே பார்க்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

மக்கள் எதைப் பார்த்தாலும் ட்ரோன் என்று நினைக்கும் மனநிலையும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி பக்கம் வானில் மர்ம ட்ரோன்கள் என்று 5000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அதில் துப்பு என்று எடுத்துக்கொள்ளத் தக்கவை சுமார் 100தான் என்று அரசே சொன்னது. சட்டப்படி பறந்த ட்ரோன்களோடு சாதாரண விமானங்கள், ஹெலிகாப்டர்கள், நட்சத்திரங்கள்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பயம் அந்த அளவுக்கு இருக்கிறது, நம்மிடம் வருகிறவர் அதையும் சுமந்துகொண்டுதான் வருகிறார்.

ஒற்றை இறக்கை எழுதியது:

நான் பதிலே சொல்வதில்லை. பொது இடம், சட்டப்படி பறக்கிறேன், விருப்பமில்லாதவர் போலீசைக் கூப்பிடட்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தப்பு செய்தவன் மாதிரி ஆகிவிடும்.

நாலுவிசிறி எழுதியது:

சகோ, சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், ட்ரோன் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. 2015இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒருவர் தன் வீட்டுக்கு மேல் வந்த ட்ரோனைத் துப்பாக்கியால் சுட்டு விழுத்தினார். ட்ரோனும் விமானம்தான், சுடுவது குற்றம் என்பதுதான் அங்கே விமானத் துறையின் நிலைப்பாடு. ஆனாலும் உள்ளூர் நீதிபதி சுட்டவர் மீதிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். ட்ரோன் உரிமையாளர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட்டார், 2017இல் அதுவும் தள்ளுபடி. போலீஸ் வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் கல் வந்துவிடும்.

தனித்தும்பி எழுதியது:

நான் பெரும்பாலும் தனியாகப் போகும் பெண் என்பதால் என் பார்வை கொஞ்சம் வேறு. மேலே யாரும் சொல்லாத ஒன்று: ரிமோட் ஐடி, அதாவது ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி. அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து கறாராக நடைமுறைக்கு வந்துவிட்டது, அங்கே ட்ரோன் தான் எங்கே இருக்கிறது என்பதோடு கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதையும் ஒலிபரப்பும். சாதாரண போனில் ஒரு ஆப் போட்டாலே அதைப் பார்க்கலாம். கறார் சொன்ன மாதிரி ட்ரோன்காரனின் முகம் தெரிய வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் கோபத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் நிற்கும் இடம் மீட்டர் கணக்கில் தெரிவது எனக்கு நிம்மதி தரவில்லை. அதனால் முதுகுக்குப் பின்னால் சுவரோ வண்டியோ இருக்கும்படி நிற்பேன், வருகிறவர் எதிரிலிருந்துதான் வர முடியும்.

மஞ்சள் நிற மேல்சட்டை போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஏதோ அரசு வேலை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசாரித்துப் பொழுதுபோக்கு என்று தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாகக் கோபம் இரட்டிப்பாகும்.

குழந்தைகள் வந்தால் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. விமானம் தரையில் இருக்கும்போதே அவர்களை வரிசையாக என் பின்னால் நிற்கவைத்துவிட்டு, "பத்திலிருந்து தலைகீழாக எண்ணுங்க, பூஜ்யம் சொன்னதும் ஏறும்" என்பேன். ஒருவரும் அசைய மாட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெரியவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள், அப்புறம் அவர்களே வேறு யாராவது முறைத்தால் எனக்காகப் பேசுவார்கள்.

புதுவிசிறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விரலை எடுத்துவிட்டு இறக்குவதும் திரையைக் காட்டுவதும் உடனே செய்யக்கூடியவை. ஒரு சந்தேகம்: வெயிலுக்காக நான் கன்ட்ரோலர் திரையைச் சுற்றிக் கறுப்பு மறைப்பு மாட்டியிருக்கிறேன். அது இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாதே?

தும்பி எழுதியது:

கழற்றிவிடுங்கள். தலையை அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். வெளிச்சத்தைக் கூட்டிவைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், திரை இருவருக்கும் தெரியும். மறைப்பு இல்லாமல் முடியவே முடியாது என்றால் காந்தத்தில் ஒட்டுகிற மாதிரி வாங்குங்கள், ஒரு கையால் பிய்த்து எடுத்துக் காட்டலாம்.