மூன்றரை லட்சம் டாலர்: மனசை விட்டுப் போகாத இடம் எது?

கடைசி_வரிசை:
‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’ (1963). எல்லாரும் கார் துரத்தலையே பேசுறாங்க. விடாம உறுத்துறது ரோட்டோரம் நின்னு பங்கு பேசுற இடம்தான். கார் பள்ளத்துல உருண்டு சாகக் கிடக்கிற ஒரு திருடன், பணத்தைப் பெரிய ‘டபிள்யூ’வுக்கு அடியில புதைச்சிருக்கேன்னு உதவ இறங்கினவங்ககிட்ட சொல்லிட்டுச் சாகுறான். தொகை 3,50,000 டாலர். வண்டி நாலு, ஆள் எட்டு, பள்ளத்துல இறங்கினவங்க அஞ்சு. வண்டிக்கு ஒரு பங்குன்னா 87,500. தலைக்கு ஒண்ணுன்னா 43,750. இறங்கினவங்களுக்கு மட்டும்னா 70,000. லாரிக்காரர் பேரு பைக் (Pike), தனி ஆள், தலைக்கணக்கு வந்தா அவருக்குப் பாதி போச்சு. ஃபின்ச் வண்டியில மாமியாரோட மூணு பேர், அதே தலைக்கணக்குல 1,31,250. யாரும் பொய் சொல்லல. தனக்கு லாபமான கணக்குதான் நியாயம்னு மனசார நம்புறாங்க, அதுதான் கலக்குது.

கூட்டல்_கழித்தல்:
ஒண்ணை விட்டுட்டீங்க சார். பல் டாக்டர் கிரம்ப்பும் மனைவியும் ரெண்டு பேர். வண்டிக்கணக்கோ தலைக்கணக்கோ, அவங்களுக்கு அதே 87,500தான். அவர் நிதானமா நடுவர் வேலை பார்க்குறதுக்குக் காரணம் அது.

மூணு கணக்கையும் சேர்த்துடலாம்: 4+5+8, மொத்தம் 17 பங்கு, பங்குக்கு ஏறக்குறைய 20,588. பைக்குக்கு 3, கிரம்ப் தம்பதிக்கு 4, ஃபின்ச் குடும்பத்துக்கு 5, நாலாவது வண்டியில வந்த பெஞ்சி–டிங் ரெண்டு பேருக்கும் சேர்த்து 5. ஆனா பைக் கைக்கு 61,764தான் வரும், 87,500ஐக் காதால கேட்டவர் ஒத்துக்க மாட்டார். அதனால தொகையை உடைச்சுச் சொல்றதுக்கு முன்னாடி எது அடிப்படைன்னு முடிவு பண்ணணும். அதைவிட முக்கியம், வண்டிச் சாவி எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு உட்காரணும். சாவி கையில இருக்கிற வரைக்கும் ஒவ்வொருத்தர் காலும் ஓடத்தான் பார்க்கும். சொத்துப் பிரிக்கிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

ரீல்_பெட்டி:
பாகப்பிரிவினைப் பாடம் யாரும் கேட்கலையே. சபலம்னா அது போலீஸ் கேப்டன் கல்பெப்பர்தான். வருஷக்கணக்கா அந்தத் திருட்டுப் பணக் கேஸையே கட்டிக்கிட்டு அழுத நேர்மையான ஆள், கடைசியில பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புறார். படம் முதல்ல ஓடினது 192 நிமிஷம், அப்புறம் கத்தரி போட்டாங்க. வெட்டின பதிப்பை மட்டும் பார்த்தா இந்த மாற்றம் திடீர்னு வந்த மாதிரி தெரியும். 2014ல் பழைய படங்களை டிஸ்க்கா வெளியிடுற கிரைடீரியன் கம்பெனி கொண்டுவந்த 197 நிமிஷப் பதிப்பைப் பாருங்க. தப்பிக்கப் படகு ஏற்பாடு பண்ணச் சொல்லி, மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் நடிச்ச பாத்திரத்துக்கு அவர் போன் போடுற காட்சி அதுல இருக்கு. சில இடத்துல படம் கிடைக்கல, ஒலியும் நிழற்படமும்தான். பொறுத்துக்கணும். மனசு எந்த இடத்துல சாய்ஞ்சதுன்னு அதுலதான் தெரியும். அங்கே மேலதிகாரி பென்ஷனை மூணு மடங்காக்கி வைக்கிறார், இவர் அதுக்குள்ள கிளம்பிட்டார்.

நாலு_பாம்மரம்:
ஃபின்ச் மனைவி எமலினை யாருமே சொல்லலையே? தேட மாட்டேன்னு ஒதுங்கி நின்ன ஒரே ஆள் அவங்கதான். குறுக்கும் நெடுக்குமா சாய்ஞ்ச நாலு பாம் மரம் (பனை இனம்) அந்த ‘டபிள்யூ’ மாதிரி நிக்கிறது முதல்ல அவங்க கண்ணுலதான் படுது. புருஷனையோ அம்மாவையோ கூப்பிடவே இல்ல.