மார்ல வந்தது இடுப்புக்கு எப்படிப் போச்சு? (உங்க அனுபவத்தையும் எழுதுங்க)

வைகைக்கரை:

அம்மாவுக்கு 2009ல இடது மார்புல புற்று. டக்டல் (பால் குழாய் வகை), ஈஆர் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்ல வளர்றது), ஹெர்2ங்கற புரதம் நெகட்டிவ், அக்குள்ல ரெண்டு நெறிக்கட்டி. ஆபரேஷன், கீமோ, கரண்ட்டு (கதிர்), அப்புறம் அஞ்சு வருஷம் டமாக்சிஃபென்ங்கற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. கடைசி மாத்திரை அட்டை தீர்ந்த அன்னைக்கு வீட்ல கேசரி கிண்டினோம். இங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்ச கதை.

2020ல இடுப்பு வலி. தண்ணிக்குடம் தூக்குனதாலன்னு நாங்க சொன்னோம், வயசாச்சுன்னு தெருவுல சொன்னாங்க, டிஸ்க்குன்னு எலும்பு டாக்டர் சொன்னாரு. நாலு மாசம் பெல்ட்டு, தைலம், ஒத்தடம். பழைய வியாதியப் பத்தி அவரு கேக்கல, நாங்களும் சொல்லல. பதினோரு வருஷம் ஆச்சே, அது முடிஞ்ச கணக்குன்னு நெனச்சுட்டோம். எம்ஆர்ஐல முதுகெலும்புல மூணு இடம். ஊசி போட்டு எடுத்துப் பாத்தா அதே ஈஆர் பாசிட்டிவ்.

என்னை இன்னும் அரிச்சுக்கிட்டிருக்கிறது அது இல்ல. ஸ்கேன் சென்டர் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல, கையில பாதி பன்னோட உட்கார்ந்து அம்மா கேட்டாங்க: "மார்ல வந்துச்சு. அறுத்து எறிஞ்சாச்சு. இடுப்புக்கு எப்படிடா போச்சு?" நான் எம்எஸ்சி படிச்சவன். "டீ ஆறுதும்மா"ன்னு சொன்னேன்.

நொய்யல்:

எங்க பெரியம்மாவுக்குக் கட்டின்னே ஒண்ணு இருக்கலீங்க. ஒரு பக்கம் சும்மா கெட்டியா இருக்குதுன்னு சொன்னாங்க, மேமோகிராம் ஒண்ணுமில்லைன்னு வந்துது. எட்டு மாசம் கழிச்சுத்தான் லாபுலர்னு இன்னொரு வகை மார்புப் புற்றுன்னு தெரிஞ்சுது. அதையும் பாத்து முடிச்சு ஆறு வருஷம் நல்லாத்தான் இருந்தாங்க.

அப்புறம் சோறு இறங்கல. ரெண்டு வாய் உண்டா "போதும் கண்ணு"ன்னு தட்டைத் தள்ளிருவாங்க. கேஸ்னு ஒருத்தர், அல்சர்னு ஒருத்தர். எண்டோஸ்கோப்பில வயித்துச் சுவரே தடிச்சிருந்துது, புண்ணுன்னு ஒண்ணும் இல்லை. முதல் ரிப்போர்ட்ல வயித்துப் புற்றுன்னே எழுதிட்டாங்க. பழைய மார்பு பிளாக்கை (மெழுகுல பதிச்சு வெச்ச பயாப்சித் துண்டு) தேடி எடுத்து ரெண்டையும் வெச்சுப் பாத்தப்பறந்தான் இது அங்கிருந்து வந்ததுன்னு சொன்னாங்க.

அந்த வருஷப் பொங்கலுக்கு நான்தான் பரிமாறுனேன். "என்ன பெரியம்மா, எடை குறைக்கறீங்களா"ன்னு கேட்டுட்டு இன்னொரு கரண்டி வெச்சேன். அவங்களும் சிரிச்சுட்டே தின்னாங்க. பின்னாடி கொல்லைல போய் வாந்தி எடுத்தது எனக்கு அப்போ தெரியாது.

லேப்காரி:

நொய்யல், லாபுலர் அப்படித்தான். 14 வருஷமா பயாப்சி லேப்ல இருக்கேன். செல்லைச் செல்லோட ஒட்ட வைக்கிற பசை மாதிரி ஒரு புரதம் உண்டு, ஈ-காட்ஹெரின்னு பேரு. டக்டல்ல பெரும்பாலும் அது இருக்கும், அதனால கும்பலா சேர்ந்து கட்டியா நிக்கும், கைக்கும் படும், படத்துலயும் தெரியும். லாபுலர்ல அந்தப் பசை போயிடும். மைக்ராஸ்கோப்ல பார்த்தா எறும்புச் சாரை மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஊர்ந்து போகும். போற இடமும் கொஞ்சம் வேற. எலும்புக்கும் போகும், ஆனா வயிறு, குடல், வயித்தை மூடியிருக்கிற சவ்வு, சினைப்பைன்னு டக்டல் அதிகம் போகாத இடங்களுக்கும் போகும். பெட் ஸ்கேன்ல கூட சில சமயம் மங்கலாத்தான் தெரியும்.

வைகைக்கரை, உங்க அம்மா கேட்ட கேள்விக்கு 1940ல பேட்சன்னு ஒருத்தர் ஒரு பாதையைக் காட்டினார். முதுகெலும்பைச் சுத்தியிருக்கிற ரத்தக்குழாய்ல வால்வு கிடையாது. இருமினாலோ முக்கினாலோ ரத்தம் எந்தப் பக்கமும் போகும். மார்பிலிருந்து நுரையீரலைத் தொடாமலே முதுகுக்குப் போக அது ஒரு வழி. ஆபரேஷனுக்கு முன்னாடியே நாலு செல் அப்படிப் போயிருக்கலாம். போன எல்லாம் முளைக்காது. அதுக்கும் முன்னாடி, 1889லயே ஸ்டீஃபன் பேஜெட்னு லண்டன் சர்ஜன், மார்புப் புற்றுல இறந்த 735 பேரோட குறிப்பைப் பார்த்துட்டு, ரத்தம் மண்ணீரலுக்கும்தான் போகுது, ஏன் கல்லீரல்லயே இவ்வளவு வருதுன்னு கேட்டார். விதை எங்கயும் விழும், ஒத்த மண்ணுலதான் முளைக்கும்னு எழுதினார்.

என்னோடதையும் சொல்லணும்ல. ரிசப்டார் டெஸ்ட்ல (ஹார்மோனைப் பிடிக்கிற ஈஆர், பிஆர், அப்புறம் ஹெர்2, இந்த மூணும் செல்லுல இருக்கான்னு பார்க்கிறது) பாசிட்டிவ்னா ஸ்லைடு பழுப்பாகும், இல்லைன்னா நீலமாவே நிக்கும். ஒரு பேஷண்டோட வீட்டுக்காரர் மூணு நாளா எங்க ஜன்னல்கிட்ட வந்து நின்னார். யாரோ அவர்கிட்ட, பழுப்பு வந்தா மாத்திரை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. "மேடம், என்ன கலர் வந்துச்சு?" டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க வைக்கிற கண்ட்ரோல் ஸ்லைடு நல்லா பழுப்பு. அவரோட வீட்டம்மாவுடைய மூணும் நீலம். ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்லணும்னு விதி, அதைச் சொல்லிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அவர் வயசு முப்பதுக்குள்ள இருக்கும், ஆபீஸ் ஐடி கார்டைக் கழட்டாம வந்திருந்தார்.

ஓய்வூதியர் 58:

என் மனைவிக்கு 2016இல், வலது பக்கம். இப்போது நலம். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். அறிக்கைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கலாம். எலும்பு வலி மூன்று வாரம் தாண்டினால் எந்த மருத்துவர் என்றாலும் முதல் வரியிலேயே "எனக்குப் புற்று வந்திருந்தது" என்று சொல்லுங்கள். திரும்பி வந்தால் மறு பயாப்சி அவசியம், ஏனெனில் ரிசப்டார் மாறியிருக்கக்கூடும். எலும்புக்குப் போனாலும் அது எலும்புப் புற்று அல்ல, மார்புப் புற்றுதான், மருந்தும் அதற்குரியதுதான். ஐந்து வருடக் கணக்கை நம்பாதீர்கள். 2017இல் வந்த ஆய்வில், ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை முடித்த 60,000க்கும் மேற்பட்ட ஈஆர் பாசிட்டிவ் பெண்களைப் பார்த்தார்கள். ஐந்தாவது ஆண்டுக்கும் இருபதாவது ஆண்டுக்கும் இடையில் வேறு உறுப்பில் திரும்பி வருவது, சிறிய கட்டி, நெறிக்கட்டி இல்லாதவர்களுக்கே 13 சதவீதம். கட்டி பெரிதாகி நெறிக்கட்டியும் நிறைய இருந்தவர்களுக்கு 41 வரை. டமாக்சிஃபெனைப் பத்து வருடம் தொடர்ந்தால் பலன் கூடுதல் என்று 2012லேயே ஆய்வு வந்துவிட்டது. வைகைக்கரை அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நீலம்தான் நானும்:

ஐயா, கேட்டிருக்கணும்னு இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் கேட்டது அது இல்ல.

அப்புறம், அஞ்சு வருஷத்தை நம்பாதீங்கன்னு மொட்டையா எழுதாதீங்க, என்னை மாதிரி ஆளுங்களும் இதைப் படிக்கிறோம். எனக்கு டிரிபிள் நெகட்டிவ், லேப்காரி சொன்ன அந்த மூணும் நீலம், 34 வயசுல. இதோட கணக்கே வேற. வர்றதுன்னா பெரும்பாலும் முதல் மூணு வருஷத்துல வரும், நுரையீரல், மூளைன்னு போகும். அஞ்சைத் தாண்டினா வர்ற வாய்ப்பு ரொம்பக் குறையும். உங்களுக்கு அஞ்சு வருஷம் ஒரு மைல்கல், எனக்கு அதுதான் ஊரே.

ரெண்டாவது வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். சுண்ணாம்புத் தூசில இருமினேன். ஹால்ல கிரிக்கெட் ஓடிட்டிருந்தது, வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து சத்தத்தை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கல. அடுத்த இருமல் வருதான்னு காத்துட்டிருந்தார். நானும் அடக்கிட்டு நின்னேன், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். வெறும் தூசிதான். இப்ப ஏழு வருஷம் ஆச்சு, வெள்ளையடிச்சு முடிச்ச அந்தச் சுவரு திரும்பப் பொரிஞ்சே போச்சு.

டொரோண்டோ தங்கச்சி:

என்ர அக்காவுக்கு ஹெர்2 பாசிட்டிவ். கல்லீரலுக்குப் போய், ஹெர்செப்டின் எண்ட ஹெர்2 மருந்துக்கு நல்லாக் கேட்டது. ஸ்கான் முழுக்க நல்லம் எண்டு டொக்டர் சொன்ன அதே கிழமை, அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைக்கிறன் எண்டு காத்தில வச்சா. மேசை விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். கோப்பை விழுந்து உடைஞ்சுது. அவ கீழ பாக்கேல்ல, மேசையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ, ஆரோ அதைத் தள்ளி வச்ச மாதிரி.

மூளையில நாலு இடத்தில. ஹெர்செப்டின் பெரிய மூலக்கூறு, மூளைக்குள்ள இருக்கிற தடுப்பைத் தாண்டிப் போறது குறைவு. உடம்பில அடங்கினது அங்க ஒளிச்சு வளர்ந்திருக்கு. கதிர் குடுத்து, டுக்காட்டினிப் எண்ட குளிசையும் தொடங்கினவை. அது உள்ள போகும். ரெண்டு வருசம் கிடைச்சது. நல்ல ரெண்டு வருசம்.

நான் அண்டைக்கு உடைஞ்ச கோப்பைக்காக அவவைப் பேசினனான்.

இயற்கை வாழ்வு:

பயாப்சி ஊசி குத்துவதால்தான் பரவுகிறது. கத்தி படாதவரை அது தூங்கும். முள் சீத்தா இலைக் கஷாயம் 48 நாள்

லேப்காரி:

நிறுத்துங்க. ஊசி குத்தினதால பரவலை. பரவினது தெரிய வர்றது ஊசி குத்தினப்புறம். கஷாயம் குடிச்சுட்டு ஒரு வருஷம் கழிச்சு, மார்பு வெடிச்சு வர்றவங்களோட துண்டை வெட்டுறது நான்தான்.

வைகைக்கரை:

ஐயா சொன்ன பத்து வருஷக் கணக்கு எனக்கு 2021ல தெரிஞ்சுது. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத முடியல.

அம்மா இருக்காங்க. லெட்ரோசோலும் பால்போசிக்ளிப்பும்னு ரெண்டு புற்று மாத்திரை ஓடுது, எலும்புக்கு ஊசி. நேத்து ராத்திரி லேப்காரி எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். விதை, மண்ணுன்னதும் சீரியல் சத்தத்தக் குறைச்சாங்க. எங்க தாத்தா காட்டுல முப்பது வருஷம் களை எடுத்தவங்க.

"பதினோரு வருஷம் எங்கடா கெடந்துச்சு?"ன்னாங்க. எலும்பு மஜ்ஜையில தூங்குமாம்மான்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"அப்ப கோரைக்கெழங்குன்னு சொல்லு. மேல புடுங்கிப் போட்டுட்டுப் போயிருவோம். அது பாட்டுக்கு அடில கெடக்கும்."

அப்புறம் சத்தத்தக் கூட்டிட்டாங்க.