20 அடி தெருவுக்கு 9 மீட்டர் விளக்குக் கம்பம் தேவையா?

கோடிவீட்டுக்காரர்: எங்கள் மனைப்பிரிவில் தெருவிளக்கு போடப் பணம் திரட்டியாகிவிட்டது. தெரு 20 அடி அகலம், 300 மீட்டர் நீளம். இருபுறமும் மாடி வீடுகள், வரிசையாகப் புங்கை மரங்கள். நலச்சங்கச் செயலாளர் 9 மீட்டர் கம்பம் என்கிறார். எனக்கு 6 மீட்டரே போதும் என்று படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்கம்பி: நான் செயலாளர் கட்சி. கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி, விளக்கின் உயரத்தைப் போல் மூன்று, மூன்றரை மடங்கு வரை போகலாம். 6 மீட்டர் என்றால் 20 மீட்டருக்கு ஒன்று வீதம் 16 கம்பங்கள். 9 மீட்டர் என்றால் 30 மீட்டருக்கு ஒன்று, 11-ல் வேலை முடிந்தது. ஐந்து கம்பங்களுக்கான குழி, கான்கிரீட், விளக்கு, கூலி அத்தனையும் மிச்சம்.

புங்கநிழல்: உங்கள் கணக்கில் மரத்தையே காணோமே ஐயா! 9 மீட்டரில் எரியும் விளக்கு புங்கையின் தலைக்கு மேல் பட்டப்பகலாக இருக்கும், அடியில் நடப்பவருக்குத் தன் செருப்பு தெரியாது. அப்புறம் வெளிச்சத்துக்காகக் கிளையை வெட்ட அரிவாளோடு வருவார்கள். இன்னொன்று: அதே விளக்கை 6-லிருந்து 9 மீட்டருக்கு ஏற்றினால், நேர் கீழே விழும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஈடுகட்ட வாட் கூட்ட வேண்டும். மிச்சம் பிடித்த காசு மாதாமாதம் மின்கட்டணத்தில் போகும்.

மின்கம்பி: வெளிச்சம் குறைவது உண்மைதான், ஆனால் பரந்து விழுகிறது. தாழ்ந்த கம்பத்தில் அடியில் வெள்ளை வட்டம், அடுத்த கம்பம் வரை இருட்டு. அந்த இருட்டில்தான் பள்ளம் இருக்கும்.

புங்கநிழல்: இடைவெளியை 20 மீட்டருக்குள் வைத்தால் இருட்டு எங்கிருந்து வரும்? 6 மீட்டர் கம்பத்தை 30 மீட்டருக்கு ஒன்றாக நட்டுவிட்டு உயரத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்?

முதல்மாடி: இருவரும் தெருவையே பார்க்கிறீர்கள். 6 மீட்டர் விளக்கு என் படுக்கையறை ஜன்னலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அண்ணாந்து சாய்த்து மாட்டினால் இரவு முழுவதும் கண்ணில்தான் அடிக்கும். எத்தனை மீட்டரானாலும் சரி, விளக்கின் கண்ணாடி தரையைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும், வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு வேண்டும்.

நாற்சந்தி: இத்தனை கம்பம் எதற்கு? சந்தியில் ஓர் உயர்கோபுர மின்விளக்கு வைத்தால் தீர்ந்தது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 1890-களிலேயே 165 அடிக் கோபுரங்கள் வைத்து ஊரையே ஒளிரச் செய்தார்கள். சில இன்றும் நிற்கின்றன.

புங்கநிழல்: அது வில்விளக்குக் காலம், அதாவது இரண்டு கரிக்கோல்களுக்கு நடுவே மின்பொறி எரியும் விளக்கு. தாழ மாட்டினால் கண் கூசும் என்பதால் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்இடியை வேண்டிய அளவுக்குச் சிறிதாக வாங்கலாம், கோபுரம் எதற்கு? உயர்கோபுரம் பஸ் நிலையத்துக்கும் பெரிய சந்திப்புக்கும் சரி. வீடுகள் நெருங்கிய தெருவில் ஒவ்வொரு சுவருக்குப் பின்னும் நிழல் விழும். பழுதுபார்க்க விளக்கு வளையத்தைக் கீழே இறக்கும் வின்ச் (கம்பிவடம் சுற்றும் உருளை) சிக்கிக்கொண்டால், அது சரியாகும் வரை சந்தியே இருட்டு.

கோடிவீட்டுக்காரர்: சிமெண்ட் கம்பம்தான் விலைப்பட்டியலில் இருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

மின்கம்பி: முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் அடித்தகட்டில் போல்ட் போட்டு நிறுத்தும் இரும்புக் கம்பத்தை நினைத்துப் பேசினேன், அது முழு உயரமும் மேலே நிற்கும். சிமெண்ட் கம்பம் போல மண்ணில் நடும் கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். 9 மீட்டர் கம்பம் தரைக்கு மேல் ஏழரைதான். அதற்கு 30 மீட்டர் இடைவெளி அதிகம், 25 வையுங்கள்.

புங்கநிழல்: ஆக 11 கம்பங்கள் 13 ஆயின! ஒரு பக்கம் மட்டும் கம்பம் நட, விளக்கின் உயரம் சாலை அகலத்தை ஒட்டி இருந்தால் போதும். 20 அடி என்பது 6 மீட்டர். பழுதானால் ஏணி சார்த்தியே மாற்றிவிடலாம்.

மின்கம்பி: 6 மீட்டர் தரைக்கு மேல் நிற்க வேண்டுமானால் 7 மீட்டருக்கும் சற்று நீளமான கம்பம் வாங்க வேண்டும். அதில் 16 வாங்கும் விலையையும் 9 மீட்டரில் 13 வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். அதுவரை நான் 9 மீட்டரை விடுவதாக இல்லை.

முதல்மாடி: மறைப்புத் தகட்டின் விலையையும் சேர்த்து.