பிறந்த நாள் முதல் க்ரீம் தடவினால் எக்ஸிமா வராமல் தடுக்க முடியுமா?

மதுரைக்காரி:
என் மூத்த மகனுக்கு நான்கு வயது. ஆறாம் மாதத்தில் கன்னத்தில் தொடங்கிய எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) இப்போது முழங்கை மடிப்புகளில் நிலைத்துவிட்டது. இரவில் தூக்கத்திலேயே சொரிந்துகொள்வதால் காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கின்றன. அடுத்த மாதம் இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து தினமும் மாய்ஸ்ச்சரைசர், அதாவது தோலின் ஈரப்பதம் காக்கும் க்ரீம், தடவினால் இந்த நோய் அண்டாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மாமியாரோ கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று சொல்லி என் தட்டிலிருந்தே நீக்கிவிட்டார். மூத்தவனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை, தோல் மெலிந்துவிடுமோ என்ற பயத்தில் பட்டும் படாமலும் தடவி வருகிறேன். இவை பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மருந்தாளுநர்:
அந்தக் காணொளி சொல்வது ஒருகாலத்தில் நம்பத்தக்கதாகவே இருந்தது. 2014இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் நூற்றுச் சொச்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. அதைப் பெரிய அளவில் சோதிக்க, குடும்பத்தில் ஒவ்வாமை நோய் உள்ள 1,394 குழந்தைகளை பிரிட்டனில் சேர்த்து, ஒரு பாதியினருக்கு முதல் ஆண்டு முழுவதும் தினமும் க்ரீம் தடவச் செய்தார்கள். இரண்டு வயதில் தடவியவர்களில் 23 சதவீதத்தினருக்கும், தடவாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் எக்ஸிமா இருந்தது. இது வித்தியாசமே இல்லை என்றுதான் பொருள்; தோல் தொற்றுகள் மட்டும் தடவியவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஏறத்தாழ 2,400 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் பலன் இல்லை என்றே முடிந்தது. இரண்டும் 2020இல் வெளியாயின. ஆகவே பிறக்கப்போகும் குழந்தைக்கு, தோல் நலமாக இருக்கும்வரை, தடுப்புக்கென்று எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு மூத்தவனுக்கு ஈரப்பதம் காக்கும் க்ரீமை நிறுத்திவிடாதீர்கள். வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் கட்டுக்குள் வைப்பது வேறு. லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்கையும் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வில் எதுவும் மற்றதைவிட மேலாக இல்லை. பையன் அடம்பிடிக்காமல் தடவிக்கொள்வது எதுவோ அதுவே போதும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரு பிள்ளைகளின் தாய்:
சகோதரி, ஸ்டீராய்டு விஷயத்தில் நானும் உங்களைப் போலத்தான் பயந்துகொண்டிருந்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வைப் படித்த பிறகு தெளிந்தேன்: தோல் மெலிதலைக் கணக்கெடுத்த ஆய்வுகளில் பங்கேற்ற 2,266 பேரில் 26 பேருக்கே அது ஏற்பட்டது, அதிலும் பெரும்பாலும் வீரியம் மிகுந்த களிம்புகளால். வீரியமான களிம்பை ஒருவேளை தடவுவதும் இருவேளை தடவுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்பதும் அதில் இருக்கிறது. புண் ஆறிய பின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வழக்கமான இடங்களில் தடவிவந்தவர்களிடம், நோய் திரும்புவது 58 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். பட்டாணி அளவு எடுத்து இரண்டு கைக்கும் இழுத்துத் தடவினால் அரிப்பு எப்படி அடங்கும்?

மருந்தாளுநர்:
பத்தியம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். கர்ப்பிணி சில உணவுகளைத் தள்ளிவைப்பதால் குழந்தைக்கு எக்ஸிமா குறைவதாகச் சான்று இல்லை; தாய்க்குச் சத்துக் குறையும் வாய்ப்பு மட்டும் உண்டு. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எண்ணெயைப் பொறுத்தவரை, பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் சுத்தத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. ஆய்வு சிறியது, லேசான, நடுத்தர நோய்க்கு மட்டுமே பொருந்துவது. ஆலிவ் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள்; அது தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துவதாக பிரிட்டனில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

மதுரைக்காரி:
இருவருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து களிம்பை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய 15 கிராம் ட்யூப் பாதிகூடத் தீரவில்லை. திங்கட்கிழமை அதை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.