குடாவைச் சுற்றி ஐந்து லிங்க்: /30 போதுமா, /29 வேண்டுமா?

உப்புவெளித் தம்பி

வணக்கம். திருகோணமலையில் ஒரு முதலாளியிடம் கணினி வேலை பார்க்கிறேன். அவருக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்குவிடுதிகள், கிண்ணியாவில் ஐஸ் பக்டரி, மூதூரில் ஒரு களஞ்சியம். இணையம் வந்து இறங்குவது உவர்மலையில் அவருடைய வீட்டு மொட்டைமாடிக்கு. அங்கிருந்து 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போகிறது. உவர்மலை–உப்புவெளி, உப்புவெளி–நிலாவெளி, உவர்மலை–கிண்ணியா, உவர்மலை–மூதூர் என்று நான்கு லிங்க்.

எல்லாமே ஒரே 192.168.1.0/24, அதாவது 256 முகவரி கொண்ட ஒரே வலை (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட முகவரி குறையும்). ரேடியோ எல்லாம் பிரிட்ஜ், வயரை நீட்டியதுபோல வருவதை அப்படியே மறுபக்கம் தள்ளும். நான் வேலைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது, ஓடுகிறதே என்று நானும் கைவைக்கவில்லை. போன கிழமை கிண்ணியா–மூதூர் என்று ஐந்தாவது லிங்க் ஒன்றைப் போட்டேன், ஒரு பக்கம் அறுந்தால் மற்றப் பக்கத்தால் போகட்டும் என்று. வயரைக் குத்தி அரை நிமிடம் இல்லை, நிலாவெளி ரிசெப்ஷனில் இருந்து ஐஸ் பக்டரி கெமரா வரை எல்லாம் படுத்துவிட்டது. பிடுங்கினேன், எழும்பிவிட்டது. முக்கோணமாகச் சுற்றி லூப் ஆகி, அனுப்பியதே ஓயாமல் சுற்றிவந்து அடைத்துவிட்டது என்பது விளங்குகிறது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரவுட்டர் வைத்து, லிங்குகளுக்குத் தனித்தனி சப்நெட் (முகவரித் துண்டு) கொடுக்கப் போகிறேன்.

என் கணக்கு இது: ஒரு லிங்குக்கு இரண்டு ரவுட்டர், இரண்டு ரேடியோ, ஆக நான்கு முகவரி. /30 என்றால் இரண்டுதான் கிடைக்கும். /29 என்றால் ஆறு. அதனால் 192.168.100.0 இலிருந்து ஐந்து /29 வெட்டலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

கணக்குப்பிள்ளை

லிங்குக்கு /31 போடலாம். அதற்கு வழிசெய்த இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 3021 வந்ததே 2000இல். இரண்டு முனை மட்டும் உள்ள இணைப்பில் நெட்வேர்க் முகவரியும் (துண்டையே குறிப்பது) பிரோட்காஸ்ட் முகவரியும் (எல்லோருக்கும் அனுப்புவது) எதற்கு? ஒரு /24ஐ /30 ஆக வெட்டினால் 64 லிங்க், /31 ஆக வெட்டினால் 128. /29 என்றால் 32தான். வீண்செலவு.

கோபுரக் கிழவன்

தம்பி, கணக்குப்பிள்ளை சொல்வது பொது முகவரிக்குச் சரி. அங்கே ஒவ்வொரு முகவரியும் காசு. உம்மிடம் 10.0.0.0/8 முழுதாகச் சும்மா கிடக்கிறது, ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். ஐந்து லிங்குக்கு எதற்கு இந்தக் கஞ்சத்தனம்? /30 போடும், பழைய ரவுட்டர் சிலவற்றில் /31 ஏறாது.

ஆனால் அந்த /29 வேண்டாம். நானும் உம்மைப் போலவே எண்ணித்தான் போட்டேன், இரண்டும் இரண்டும் நான்கு என்று. ஒரு கார்த்திகை மாதம், இரவு பத்தரை, வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. நகரத்திலிருந்து கிண்ணியாப் பக்கம் போகும் லிங்க் விழுந்துவிட்டது. சுற்று வழி இருந்ததால் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தூரத்து ரேடியோ திறக்கவில்லை. பிங் (உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) இல்லை, ஒன்றும் இல்லை. ரேடியோ செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புது ரேடியோவை பொலித்தீனில் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனேன். 396 மீட்டர்ப் பாலம் அன்றைக்கு எனக்கு நாலு கட்டை நீளம். போய்ப் பார்த்தால் ரேடியோ நன்றாக உயிரோடு இருக்கிறது. அலைவரிசை மட்டும் மாறிக் கிடந்தது. வீட்டில் படுத்துக்கொண்டே திருத்தியிருக்கலாம்.

ஏன் திறக்கவில்லை? நன்றாகக் கவனியும். ரேடியோ பிரிட்ஜ் ஆக இருந்தால், காற்றில் லிங்க் அறுந்தாலும் ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் உள்ள வயர் உயிரோடுதான் இருக்கும். அதனால் இந்தப் பக்க ரவுட்டர், "இந்த /29 என் காலடியில் இருக்கிறது" என்றே நம்பிக்கொண்டிருக்கும். அந்தப் பக்க ரேடியோவின் முகவரியும் அதே /29க்குள். நீர் பிங் அடித்தால் ரவுட்டர் அதை செத்த காற்றுக்குள்ளேயே தள்ளும், சுற்று வழியால் அனுப்பவே அனுப்பாது. நேரடியாக இணைந்த சப்நெட்டுக்கு முன்னால், ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் சொல்லும் வழி எடுபடாது. ரேடியோவை ஆக அவசரமாகத் தேடும் நேரத்தில்தான் அது அகப்படாது!

ஆகவே ரேடியோவை லிங்குக்குச் சொந்தமாக்காதேயும், அது நிற்கும் இடத்துக்குச் சொந்தமாக்கும். லிங்கின் /30 இரண்டு ரவுட்டருக்கு மட்டும். கிண்ணியாவில் நிற்கும் ரேடியோ இரண்டும் கிண்ணியாவின் நிர்வாக சப்நெட்டில், தனி வீலானில் (ஒரே வயருக்குள் எண் போட்டுப் பிரித்த வலை). லிங்க் விழுந்தாலும் மூதூர் வழியாகச் சுற்றிப்போய் அதைப் பிடிக்கலாம். ரேடியோவில் கேட்வே (வெளியே பதில் அனுப்பும் வாசல் முகவரி) போட மறந்தால் இவ்வளவும் வீண். பலர் மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன். நிர்வாக வீலான் எண்ணை இரு முனையிலும் வேறுவேறாக வையும். ஒரே எண் என்றால் அது காற்றைத் தாண்டி இரண்டு இடத்தையும் ஒட்டவைத்துவிடும், பழைய லூப் திரும்பி வந்து நிற்கும்.

எண்ணும் சொல்கிறேன். உவர்மலை 1, உப்புவெளி 2, நிலாவெளி 3, கிண்ணியா 4, மூதூர் 5 என்று வைத்துக்கொள்ளும். உவர்மலைக்கு 10.61.0.0/16, கிண்ணியாவுக்கு 10.64.0.0/16, இப்படி. அதற்குள் மூன்றாவது எண் 1 அலுவலகம், 2 விருந்தினர், 3 கெமரா, 250 நிர்வாகம். லிங்க் எல்லாம் 10.255இல், மூன்றாவது எண் இரண்டு இடத்தையும் சொல்லட்டும்: உவர்மலை–கிண்ணியா 10.255.14.0/30, கிண்ணியா–மூதூர் 10.255.45.0/30. சின்ன எண் உள்ள இடத்துக்கு .1, பெரியதற்கு .2. ரேடியோவின் கடைசி எண், அது பார்க்கும் இடத்தின் எண்ணோடு பத்து: கிண்ணியாவில் மூதூரைப் பார்க்கும் ரேடியோ 10.64.250.15. ரவுட்டர் லூப்பேக் (எந்த லிங்கையும் சாராத அதன் சொந்த முகவரி) 10.254.0.1 இலிருந்து 5 வரை, ஒவ்வொன்றும் /32. இரவு பன்னிரண்டுக்கு யாராவது போனில் "பதினாலு விழுந்துட்டுது" என்று சொன்னால் போதும், தாளைத் தேடத் தேவையில்லை.

மட்டக்களப்பு மைதிலி

கிழவன் ஐயா சொன்ன /29 பொறி உண்மைதான். எண் திட்டத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி. பத்தாவது இடம் வந்தால் மூன்றாவது எண் என்ன ஆகும்? 1–10க்கு 110 போடலாம், 3–10க்கு 310 போட முடியாதே, 255க்கு மேல் எண் கிடையாது. முதலாளி வளருகிற ஆள் என்றால் லிங்குகளுக்கு வரிசையாக எண் கொடுத்து ஒரு அட்டவணையில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

தம்பி, ஓஎஸ்பிஎஃப் போடும்போது லிங்க் வகையை பொயின்ட் டு பொயின்ட் என்று மாற்றும். ஈதர்நெட் என்பதால் தானாக பிரோட்காஸ்ட் என்று எடுத்து, இரண்டே பேருக்குள் தலைவர் தேர்தல் நடத்திக்கொண்டிருக்கும். அப்புறம் ஐயா சொன்ன அதே காரணம்: வயர் விழாததால் லிங்க் போனது ரவுட்டருக்கு உடனே தெரியாது. வழக்கமான அமைப்பில் ஹலோ (ரவுட்டர்கள் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும் செய்தி) 10 விநாடிக்கு ஒன்று, 40 விநாடி சத்தமில்லாவிட்டால்தான் வழியை மாற்றும். அந்த 40 விநாடியில் ரிசெப்ஷனில் இருந்து உமக்கு மூன்று கோல் வந்துவிடும். லிங்க் அறுந்ததை உடனே கண்டுபிடிக்கும் பிஎஃப்டி போடும், அல்லது ஹலோ இடைவெளியைக் குறையும்.

விருந்தினர் வைஃபையை 192.168.1 இல் இருந்து எடுப்பதும் நல்லதே. வெளிநாட்டுக்காரர் தங்கள் கொம்பனிக்கு விபிஎன் போட்டால், அங்கேயும் அதே 192.168.1 ஆக இருந்து முட்டிக்கொள்ளும்.

கோபுரக் கிழவன்

பத்தாவது இடம் வரட்டும் பிள்ளை, அன்றைக்கு முதலாளியிடம் சம்பள உயர்வும் கேட்டுவிட்டு 10.253இல் வரிசை எண் தொடங்கலாம். ஐந்து இடத்துக்கு அட்டவணை எழுதச் சொன்னால் பொடியன் எழுதவே மாட்டான்.

தம்பி, மாற்றும்போது பழைய முகவரியை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதையும் போடும். தூரத்து முனையை முதலில் மாற்றும், கிட்டத்தை அப்புறம். உம்முடையது மைக்ரோட்டிக் ரவுட்டர் என்றால் சேஃப் மோட்டை அழுத்திவிட்டுத் தொடங்கும். இணைப்பு அறுந்தால் தானே பழையபடிக்குத் திரும்பும்.

உப்புவெளித் தம்பி

ஐயா, அக்கா, கணக்குப்பிள்ளை, மூவருக்கும் நன்றி. சனி இரவு தொடங்கி ஞாயிறு விடியும்போது முடிந்தது. நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா மூன்றும் ஐயா சொன்ன வரிசையில் சத்தமில்லாமல் வந்துவிட்டன. மூதூரில் நித்திரைக் கலக்கத்தில் உவர்மலை முனையை முதலில் மாற்றிவிட்டேன். சேஃப் மோட்டும் அழுத்தவில்லை. ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் மூதூர்.

அங்கே போனதில் இன்னொன்றும் பிடிபட்டது. களஞ்சியத்துக் கூரையில் இருந்த இரண்டு ரேடியோவும் பெட்டியில் இருந்து எடுத்தபடியே 192.168.1.20. முதல் லூப்புக்கு முந்தியே அவை தங்களுக்குள் சண்டைதான் போட்டிருக்கின்றன, நான்தான் மழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது 10.65.250.11, 10.65.250.14.

நேற்று 14ஐ, உவர்மலை–கிண்ணியா லிங்கை, வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். பிஎஃப்டி இன்னும் போடவில்லை, ஹலோ 2 விநாடி, டெட் (சத்தமில்லாமல் பொறுக்கும் நேரம்) 8 விநாடி வைத்திருக்கிறேன். கெமரா சில விநாடி உறைந்து திரும்ப ஓடியது. உவர்மலையில் இருந்தபடியே கிண்ணியா ரேடியோவின் பக்கம் மூதூர் வழியாகத் திறந்தது. அக்கா, அட்டவணையும் எழுதியிருக்கிறேன், ஐஸ் பக்டரிச் சுவரில் ஒட்டியாயிற்று. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, குச்சவெளியில் ஒரு காணி பார்த்திருக்கிறாராம், அதற்கு என்ன எண் என்று கேட்டார். ஆறு என்றேன்.