மழைக்காலத்துல தோட்ட வேலை வெச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க

குன்னூர் மேட்டுவீடு
ஐப்பசி மழை, ராத்திரி முழுக்கக் கொட்டி விடிஞ்சும் விடல. பின்பக்கம் தோட்டத்தைச் சமன் பண்ணக் கட்டின கருங்கல் தடுப்புச்சுவர், ஆள் உயரத்துக்கு மேல. போய்ப் பார்த்தா சுவர்ல தண்ணி போறதுக்கு விட்டிருந்த ஓட்டை ஒண்ணுலகூடச் சொட்டு இல்ல. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, சுவர் காய்ஞ்சு கிடக்குதேன்னு. தோட்ட வேலைக்கு வர்ற பெரியவர் மட்டும் முகம் மாறிட்டாரு. "இந்த மழைக்கு ஒழுகணுமேம்மா"ன்னு ஒரு கம்பியை எடுத்து ஓட்டைல குத்தினாரு. முதல்ல செம்மண் கூழ் வந்துச்சு. அப்புறம் மணிக்கட்டு தடிமனுக்குத் தண்ணி பீறிட்டு அவர் நெஞ்சுலயே அடிச்சுது. கம்பியைப் போட்டுட்டு அவர் ஓடினது கீழ் வீட்டுக் கதவைத் தட்ட. எங்க சுவருக்கு நேர் கீழ அவங்க சமையல்கட்டு, ரெண்டு சின்னப் பிள்ளைங்க.

சுவர் நின்னுடுச்சு, நடுவுல வயிறு தள்ளிடுச்சு. பிரிச்சுப் பார்த்தா பின்னாடி தண்ணி வடியறதுக்குப் போட வேண்டிய ஜல்லியே கிடையாது, தோண்டின மண்ணையே போட்டு மூடியிருக்காங்க.

கோத்தகிரி சோலை
அக்கா, ஓட்டை அடைச்சது இருக்கட்டும், அந்த மண்ணை எந்த மாசம் கொட்டினாங்க? நனைஞ்ச மண்ணைக் கொட்டினா என்ன சுவர் கட்டினாலும் தள்ளத்தான் செய்யும். 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பெய்ஞ்சது. அந்த மழையில நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிஞ்சு எத்தனை உயிர் போச்சுன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

எங்க சொந்தக்காரர் வீட்ல புரட்டாசி கடைசியில சரிவுல புது மண் ஏத்திப் படி மாதிரி தட்டு போட்டு கமேலியா பூச்செடி வெச்சாங்க. மழை விட்டதும் போனோம். செடி நின்ன வாக்குல நாலடி கீழ நிக்குது. ஒரு இலை உதிரல, வேர் வெளிய தெரியல, மண்ணோட சேர்ந்து அப்படியே இறங்கியிருக்கு. அதைப் பார்த்ததுல இருந்து புது மண்ணு மேல எனக்கு நம்பிக்கையே கிடையாது.

குன்னூர் மேட்டுவீடு
தம்பி, எங்க மண்ணு சித்திரையில கொட்டினது, நல்லா காய்ஞ்ச மண்ணு. மாசத்தைச் சொல்லி ஜல்லி போடாததை மன்னிச்சு விடாதீங்க. பின்னாடி தண்ணி இறங்க வழி இல்லாத சுவர் எந்த மாசம் கட்டினாலும் ஆபத்துதான்.

கூடலூர்க்காரன்
எல்லாரும் ஐப்பசியையே பேசறீங்க. எங்க பக்கம் ஆனி ஆடிதான் கணக்கு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரு நாள்ல 91 சென்டிமீட்டர். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, எங்களுக்குத் தென்மேற்கு. ஊட்டி ரெண்டுலயும் நனையும். கீழ இருந்து வர்ற கான்ட்ராக்டர்கிட்ட இதைச் சொன்னா "நீலகிரின்னா ஒண்ணுதானே சார்"ங்கறார்.

அப்படி ஒருத்தர் ஜூலைல, சாரல்லயே, எங்க புல்தரைக்கு உருளை ஓட்டிட்டுப் போனாரு. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் புல் மஞ்சளாகி அழுகுது. மண்வெட்டியால வெட்டினா செங்கல் மாதிரி பாளமா வருது. அடியில சாம்பல் நிறம், புளிச்ச சாக்கடை நாத்தம். ஈரத்துல அமுக்கின மண்ணுக்குள்ள காத்து போகாது, வேர் மூச்சு முட்டிச் சாகும். அந்த நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகல.

வில்பட்டித் தோட்டம்
எங்க கொடைக்கானல் பக்கமும் ஐப்பசி கார்த்திகைதான் கனத்த மழை. தோண்டின சரிவுக்குத் தார்ப்பாய் போட்டு மேல கல்லு வெச்சாங்க. மேல் பாதையில வந்த தண்ணி பாய்க்கு அடியில புகுந்து, பாய் உப்பி மூச்சு விடற மாதிரி ஏறி இறங்குச்சு. எடுத்தா மண்ணே இல்ல. அவ்வளவுதான் என் கதை.

ஆனா சிலது சொல்லணும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்க. விரலால தட்டினா உதிரணும். உருண்டையாவே நின்னா அன்னைக்கு மண்வெட்டி எடுக்காதீங்க. தார்ப்பாயோட மேல் ஓரத்தைச் சின்னப் பள்ளம் வெட்டிப் புதைக்கணும், கல்லு பத்தாது. முதல்ல நடைபாதைக்குப் பலகையோ ஜல்லியோ போடுங்க, ஆளுங்க அதுல மட்டும் நடக்கட்டும். மழை நாளை வீணாக்க வேண்டாம்: தண்ணி எங்க தேங்குது, எந்தப் பக்கம் ஓடுதுன்னு நடந்து பார்த்துக் குச்சி நட்டு வைங்க, வெயில் வந்தப்புறம் அந்தக் குச்சிதான் உங்க வரைபடம். ஹைட்ராஞ்சியா குச்சி வெட்டி நட ஈரக்காலம் அருமை, நம்ம புளிப்பு மண்ணுல நீலமாப் பூக்கும், சுண்ணாம்பு போட்டா ரோஸ் ஆகும். ஆனா மார்கழி உறைபனிக்கு முன்னாடி வேர் பிடிச்சிருக்கணும். சரிவுக்கு வெட்டிவேர் நல்லதுதான், ஆனா பனி தங்கற பள்ளத்துல மேல்பாகம் கருகிடும். முக்கியமா சரிவுக்கு மேல ஒரு வாய்க்கால் வெட்டி வர்ற தண்ணியைத் திருப்பி விடுங்க.

கோத்தகிரி சோலை
குன்னூர் அக்கா, ஜல்லி விஷயத்துல நீங்க சொல்றது சரி. மாசம் மட்டும் காரணம் இல்ல, ஒத்துக்கறேன்.

வில்பட்டி அண்ணா, வாய்க்கால் வெட்டச் சொல்றீங்க. அதோட கடைசி வாய் எங்க? நம்ம எல்லையோட விட்டா பக்கத்துத் தோட்டத்துச் சரிவை அறுக்கும். ஓடை வரைக்கும் கல்லு பதிச்சுக் கொண்டு போய் விடணும், நடுவுல அடுத்தவங்க இடம் வந்தா அவங்ககிட்ட முதல்லயே பேசணும். நீங்க எங்க விட்டீங்க?