டர்பன் சாட்ஸ்வர்த்தில் சமையலறைச் சுவர்: இடிக்குமுன் ஒரு உதவி

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் தம்பிக்கு இடிக்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. குளியலறை டைல்ஸைப் பெயர்த்த கையோடு, சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச்சுவரில் கண் வைத்துவிட்டான்.

ஒற்றைச் செங்கல் சுவர், பூச்சோடு சுமார் 140 மி.மீ. அதனால் பாரம் தாங்காத சுவர் என்கிறான். தடிமனை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. மேலே ஏறிப் பார்த்தால் கூரையின் மரச்சட்டங்கள் அந்தச் சுவரின் மேல்தான் ஒன்றோடொன்று இணைந்து உட்கார்ந்திருக்கின்றன.

திறப்பு 2.4 மீட்டர். முன்னழுத்த காங்கிரீட் லிண்டல் (உள்ளே கம்பியை இழுத்துப் பிடித்து வார்த்த, திறப்புக்கு மேல் வைக்கும் விட்டம்) வைத்தால் இருபுறமும் குறைந்தது 150 மி.மீ. உட்கார வேண்டும். அது தனியாக நிற்காது. மேலே கட்டும் வரிசைகளும் கலவையும் இறுகி ஒன்றானால்தான் பலம். அதுவரை அடியில் தாங்கும் முட்டுகளை எடுக்கக் கூடாது. இங்கே சீலிங் வரை மூன்று வரிசைக்குத்தான் இடம். அது போதுமா, இரும்பு உத்திரமா?

இன்னொரு தலைவலி, கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். தென்னாப்பிரிக்காவில் 2008-இல்தான் அதற்குத் தடை வந்தது. சம்மட்டி அதிர்ச்சியில் தகடு விரிசல் விட்டால் தூசி வீடு முழுக்க. ஆகவே மேல் வரிசைகளை உளியால் ஒவ்வொன்றாக எடுப்பதாக யோசனை (தம்பிக்கு இது பிடிக்கவில்லை).

டர்பன் பக்கம் நேரில் பார்த்து அளவு எழுதிக் கொடுக்கிற கட்டமைப்புப் பொறியாளர் யாராவது தெரியுமா? நகராட்சிக்கு வரைபடம் போட அவர் கையெழுத்தும் வேண்டும். வாடகைக்கு இரும்பு முட்டு ஆறு கிடைக்குமா?